விழுவதை அளத்தல்: மழைத்துளி முதல் ஆலங்கட்டி வரை அளவுத்திருத்தம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழை அளக்கப்படுகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், புத்தன் அணை, சுருளோடு, பாலமோர், பூதப்பாண்டி, கன்னிமார், மயிலாடி, கொட்டாரம், நாகர்கோவில், தக்கலை, இரணியல், குளச்சல், குழித்துறை, அடையாமடை, கோழிப்போர்விளை என அளக்கும் இடங்களின் பட்டியல் நீள்கிறது. முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளந்த நாளின் தேதியிலேயே மில்லிமீட்டரில் பதிவாகிறது. மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் மலைச்சரிவும் சமவெளியும் கடற்கரையும் அடங்கிவிடுவதால், பேச்சிப்பாறையில் மழை கொட்டும் நாளில் கொட்டாரத்தில் தூறல்கூட இல்லாமல் போவதுண்டு. இந்த வேறுபாடு உண்மையில் மழையின் வேறுபாடா, அளந்த கருவிகளின் வேறுபாடா என்று பிரித்தறிய உதவுவதே அளவுத்திருத்தம்.

அளவுத்திருத்தத்தின் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கருவிக்குக் கொடுப்பது. கருவி காட்டும் எண்ணைப் பார்ப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிவைப்பது. கொடுக்கப்படும் பொருள் தண்ணீராக இருக்கும்வரை இது சிக்கலில்லாத வேலை. ஒற்றை மழைத்துளியின் விட்டத்தையோ ஆலங்கட்டியின் விட்டத்தையோ அளக்க வேண்டிவரும்போது, அளவு தெரிந்த துளியும் கட்டியும் எங்கிருந்து கிடைக்கும் என்பதே முதல் கேள்வியாகிறது. அதனால் இந்தப் பொருளைத் தண்ணீரில் தொடங்கிப் பனிக்கட்டியில் முடிப்பது முறையாகும்.

வாயும் குவளையும்

மழையை அளக்கப் பாத்திரம் வைக்கும் வழக்கம் இந்தியாவில் பழையது. ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தைக் களஞ்சியத்தில் மழைமானியாக வைக்கவேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. கொரியாவில் 1440-களில் ஒரே அளவில் செய்த மழைமானிகள் ஊர்தோறும் அனுப்பப்பட்டன. தமிழக உழவர்கள் ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்தால் அதை ‘ஓர் உழவு மழை’ என்றார்கள். அது மண்ணில் இறங்கிய ஈரத்தை அளந்தது. மண்ணுக்கு மண் அந்த ஈரம் மாறும் என்பதால், ஓர் ஊர் உழவு மழையை மற்றோர் ஊர் உழவு மழையோடு ஒப்பிட வழியில்லை.

திருவிதாங்கூரில் கருவிகொண்டு வானிலையை அளக்கும் பணிக்கு நிலையம் அமைந்தது 1837-இல். சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் எழுந்தது. ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். பின்னர் வந்த ஜான் ஆலன் புரூன், 1850-களில் அகத்தியமலையின் மேல் ஒரு கிளை ஆய்வகத்தை அமைத்தார். கடற்கரைச் சமவெளியிலும் அதற்கு ஆறாயிரம் அடிக்கு மேலே மலையுச்சியிலும் ஒரே காலத்தில் அளவெடுக்கும் ஏற்பாடு அது. அப்படி அளப்பவர் முதலில் செய்யவேண்டியது, இரண்டு இடத்துக் கருவிகளும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது. அளவுத்திருத்தத்தின் மிகப் பழைய வடிவம் இந்த ஒப்பீடுதான்.

இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்டது சைமன்ஸ் மழைமானி. அதன் வாய் 5 அங்குல விட்டமுள்ள வட்டம். பரப்பு ஏறத்தாழ 126.7 சதுர சென்டிமீட்டர். அன்று மழை அங்குலத்திலும் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கான சென்டிலும் எழுதப்பட்டது. பிறகு கண்ணாடி இழையில் செய்த மழைமானிகள் வந்தன. இவற்றின் வாய்ப் பரப்பு 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர் என்று இந்தியத் தரநிலை 5225 வரையறுக்கிறது. வாய்க்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே பாலித்தீன் குடுவை. குடுவையில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால், குவளையின் கோடு நேரடியாக மில்லிமீட்டரைச் சொல்லும்.

கோடு மில்லிமீட்டரைச் சொன்னாலும் குவளைக்குள் இருப்பது மில்லிலிட்டர். 200 சதுர செ.மீ. வாயில் 1 மி.மீ. மழை 20 மி.லி. நீரைத் தரும், 100 சதுர செ.மீ. வாயில் 10 மி.லி.; பழைய சைமன்ஸ் வாயில் 12.67 மி.லி. ஆகவே ஒவ்வொரு வாய்க்கும் அதற்கென்று கோடிட்ட குவளைதான் பொருந்தும். 200 சதுர செ.மீ. மழைமானியின் குவளை உடைந்து, அலமாரியில் கிடந்த 100 சதுர செ.மீ. குவளை எடுக்கப்பட்டால், அன்றிலிருந்து அந்த ஊரில் மழை இரட்டிப்பாகிவிடும். சைமன்ஸ் மழைமானிக்கு அதே குவளையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு எண்ணும் 27 சதவீதம் கூடும். இத்தகைய பிழையைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. எண்கள் நம்பத்தக்கவையாகவே இருக்கும். அதனால் ஒரு நிலையத்தைச் சரிபார்க்க வருபவர் முதலில் பார்ப்பது, வாயும் குவளையும் ஒரே இணையா என்பதைத்தான்.

அடுத்தது வாயின் விட்டம். 200 சதுர செ.மீ. வாய்க்கு விட்டம் 15.96 செ.மீ. இருக்கவேண்டும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், விட்டத்தில் 1 சதவீதப் பிழை மழையில் 2 சதவீதப் பிழையாகும். விளிம்பு அடிபட்டு முட்டை வடிவானால் ஒரே திசையில் அளந்து பயனில்லை. பல திசைகளில் வெர்னியர் காலிப்பரால் அளந்து சராசரி எடுக்கவேண்டும். விளிம்பு கூர்மையாகவும் இருக்கவேண்டும். மழுங்கிய விளிம்பில் விழும் துளி உள்ளேயும் சிதறும், வெளியேயும் சிதறும்.

குவளையின் சோதனைக்குத் தராசு போதும். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை ஏறத்தாழ 1 கிராம். எனவே 200 சதுர செ.மீ. இணையில் 10 மி.மீ. கோடு வரை ஊற்றிய நீர் 200 கிராம் நிற்கவேண்டும். கீழ்க்கோடுகளிலும் நடுவிலும் மேலேயும் தனித்தனியே எடை பார்க்கப்படும். நீர்ப்பரப்பு ஓரத்தில் மேலேறி நடுவில் குழிவதால், குழிவின் அடிமட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் படிப்பதும் இந்தச் சோதனையின் பகுதி. இறுதியாக ரசமட்டம் வைத்து வாய் கிடைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்கப்படும்.

பெருமழை இன்னொரு சோதனையை வைக்கிறது. 20 மி.மீ. குவளையால் 45 மி.மீ. மழையை அளக்க, இரண்டு முறை நிரப்பி மூன்றாவது முறை 5 மி.மீ. பார்க்கவேண்டும். எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போனால் 20 மி.மீ. காணாமல் போகும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 946 மி.மீ. பதிவானது. அவ்வளவு மழை 200 சதுர செ.மீ. வாயில் 18.9 லிட்டர் நீராகும். 100 சதுர செ.மீ. வாயில் 9.5 லிட்டர். 4 லிட்டர் குடுவை இருந்தால், முதல் இணையில் அது 200 மி.மீ. மழையிலேயே நிரம்பிவிடும். குடுவையின் கொள்ளளவும் கருவியின் எல்லைகளில் ஒன்று. அந்த எல்லையைத் தாண்டும் நாளில் இடையிடையே அளந்து எடுப்பதைத் தவிர வேறு திருத்தம் கிடையாது.

தானே எண்ணும் கருவி

பெய்த மொத்த மழையைக் குடுவை சொல்லும். எந்த மணியில் எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதைச் சொல்லாது. அணையின் மதகைத் திறப்பவருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது விவரம். டிப்பிங் பக்கெட் எனப்படும் கவிழும் கிண்ண மழைமானி அதற்காக உருவானது. கிறிஸ்டோபர் ரென் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதன் முன்வடிவை எண்ணியிருந்தார். புனலுக்குக் கீழே ஏற்றப்பலகைபோல் ஆடும் இரட்டைக் கிண்ணம் இருக்கும். ஒரு பக்கம் நிரம்பியதும் கவிழ்ந்து, மறு பக்கம் புனலுக்குக் கீழே வரும். ஒவ்வொரு கவிழ்விலும் ஒரு மின்துடிப்பு பதிவாகும். 200 சதுர செ.மீ. வாயில் ஒரு கவிழ்வு 0.2 மி.மீ. என்று அமைத்தால், கிண்ணம் 4 மி.லி.க்குக் கவிழவேண்டும்.

இதை இரண்டு விதமாகச் சோதிக்கிறார்கள். முதலாவது நிலைச் சோதனை: பியூரெட்டிலிருந்து துளித்துளியாக நீர் விட்டு, எத்தனை மில்லிலிட்டரில் கவிழ்கிறது என்று இரு கிண்ணங்களுக்கும் தனித்தனியே பார்ப்பது. 4-க்குக் கூடினாலும் குறைந்தாலும் கிண்ணத்துக்கு அடியிலுள்ள திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். இரண்டாவது இயக்கச் சோதனை: அளந்த நீரைச் சீரான வேகத்தில் செலுத்திக் கவிழ்வுகளை எண்ணுவது. 400 மி.லி. நீரை ஒரு மணி நேரத்தில் விட்டால் அது மணிக்கு 20 மி.மீ. மழைக்குச் சமம், 100 கவிழ்வுகள் வரவேண்டும். 96 மட்டும் வந்தால் ஒரு கவிழ்வின் உண்மை அளவு 0.208 மி.மீ.

வேகத்தை மாற்றிச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. கிண்ணம் கவிழத் தொடங்கி நடுச்சுவர் நீர்த்தாரையைத் தாண்டும்வரை, ஏற்கெனவே நிரம்பிய கிண்ணத்திலேயே நீர் விழுந்துகொண்டிருக்கும். அந்த நீர் கணக்கில் வராது. இந்தக் கணம் 0.3 விநாடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 மி.மீ. மழையில் கவிழ்வுகளுக்கு இடையே 14.4 விநாடி இருப்பதால் இழப்பு ஏறத்தாழ 2 சதவீதம். மணிக்கு 100 மி.மீ. என்றால் 4 சதவீதம், 200 மி.மீ. என்றால் 8 சதவீதம். வெள்ளம் வரும் அளவுக்குப் பெய்யும்போதுதான் கருவி மிகக் குறைத்துச் சொல்கிறது. உலக வானிலை அமைப்பு 2007 முதல் 2009 வரை இத்தாலியின் விக்னா டி வாலேயில் பல நாட்டு மழைச்செறிவுக் கருவிகளைத் திறந்தவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. வேகத்துக்கேற்பத் திருத்தும் கணக்கைக் கருவியிலேயே சேர்க்கவேண்டியதன் தேவையை அந்த ஒப்பீடு உறுதிப்படுத்தியது.

இந்தத் திருத்தத்தின் பொருள் அணைக்கணக்கில் புரியும். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் 1953-இல் முடிந்த பெருஞ்சாணி அணையும் கோதையாறு பாசனத்தின் இரண்டு தூண்கள். முன்னதன் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பின்னதன் மட்டம் 77 அடி. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இருபோக நெல்லும் இவற்றின் நீரை நம்பியிருக்கின்றன. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை ஆயிரம் கன மீட்டர் நீர். 100 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் 100 மி.மீ. பெய்தபோது மழைமானிகள் 10 சதவீதம் குறைத்துச் சொன்னால், 10 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் மூன்றரைக் கோடி கன அடி நீர், கணக்கில் இல்லாமல் பெய்திருக்கும். அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கினாலும், மிச்சம் முன்னறிவிப்பின்றி அணைக்கு வந்து சேரும்.

இடத்தின் பிழை

ஆய்வகத்தில் சரியான கருவி, வைத்த இடத்தில் தவறாக அளக்கலாம். மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும், அருகிலுள்ள மரமோ கட்டடமோ அதன் உயரத்தைப்போல் இரு மடங்குத் தொலைவுக்கு அப்பால் இருக்கவேண்டும். தென்னையும் ரப்பரும் நெருங்கி வளரும் மாவட்டத்தில் இந்த விதியைக் காப்பது கடினம். நிலையம் அமைத்தபோது கன்றாக இருந்த தென்னை இருபது ஆண்டில் மழையை மறைக்கும் சுவராகிவிடும்.

காற்று இன்னொரு பிழையைச் சேர்க்கிறது. மழைமானியே காற்றுக்கு ஒரு தடை. காற்று அதன் வாய்க்கு மேலே வேகமெடுத்துச் செல்லும்போது சிறு துளிகளை உள்ளே விழவிடாமல் இழுத்துச் செல்லும். இப்படி இழக்கப்படும் மழை பொதுவாக 2 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதற்கு வெளியே காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலும் தென்னிந்தியாவின் காற்று மிகுந்த இடங்கள். கணவாயின் காற்று எட்டும் தோவாளைப் பக்கத்து மழையளவும் மலை மறைவிலுள்ள பாலமோர் மழையளவும் ஒரே அளவுக்குக் காற்றால் குறைவதில்லை. இந்தப் பிழையை அறிய, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி குழிக்குள் மழைமானியைப் புதைத்து, சுற்றிலும் நீர் தெறிக்காத கம்பிவலை அமைத்து, அதை ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்வது வழக்கம். ஆய்வக அளவுத்திருத்தம் சேகரித்த நீருக்கு மட்டுமே பொறுப்பேற்கும்; சேராத நீரைக் களத்தில் ஒப்பிட்டுத்தான் அறியமுடியும்.

அண்டை நிலையங்களும் சாட்சிகளே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, புத்தன் அணை, சுருளோடு ஆகியவற்றின் சராசரி மழையை ஆண்டாண்டாகக் கூட்டி ஓர் அச்சிலும், சோதிக்கப்படும் நிலையத்தின் கூட்டுத்தொகையை மறு அச்சிலும் குறித்தால், கருவி மாறாதவரை புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். ஓர் ஆண்டிலிருந்து கோட்டின் சாய்வு மாறினால், அந்த ஆண்டில் குவளை மாறியதா, இடம் மாறியதா, மரம் வளர்ந்ததா என்று தேடவேண்டும். தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் திட்டத்தை மேற்கொண்டபின் இத்தகைய ஒப்பீட்டின் தேவை கூடியிருக்கிறது. புனலில் விழுந்த சருகும் எறும்புப் புற்றும் துளையை அடைத்தால், ஆளில்லா நிலையம் பூச்சியத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

துளியின் விட்டம்

மழையின் மொத்தத்தைவிட நுட்பமானது துளியின் அளவு. ஒரே 10 மி.மீ. மழை சிறு துளிகளாகவும் பெய்யலாம், பெருந்துளிகளாகவும் பெய்யலாம். மண் அரிப்பும் ரேடாரில் தெரியும் எதிரொலியும் துளியளவைப் பொறுத்தவை. 1904-இல் அமெரிக்கரான வில்சன் பென்ட்லி, தட்டில் பரப்பிய மாவை ஒரு கணம் மழையில் நீட்டி, துளி விழுந்த இடத்தில் திரண்ட மாவு உருண்டைகளை உலர்த்தி அளந்தார். உருண்டையின் விட்டம் துளியின் விட்டமன்று. இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க அளவு தெரிந்த துளிகள் தேவைப்பட்டன. ஊசிமுனையிலிருந்து ஒரே அளவில் சொட்டும் நூறு துளிகளைச் சேர்த்து எடை போட்டால் ஒரு துளியின் நிறை கிடைக்கும். நூறு துளிகள் 1.41 கிராம் இருந்தால் ஒன்று 14.1 மில்லிகிராம், அதன் விட்டம் 3 மி.மீ.

இன்று இந்த வேலையை டிஸ்ட்ரோமீட்டர் செய்கிறது. ஜாஸ், வால்ட்ஃபோகல் இருவரும் 1967-இல் உருவாக்கிய வகையில், 50 சதுர செ.மீ. பரப்புள்ள உணர்தட்டின்மேல் துளி மோதும்போது எழும் மின்துடிப்பின் உயரம் துளியின் அளவைக் காட்டும். நாகர்கோவிலுக்கு அருகில் திருவனந்தபுரத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் இக்கருவியால் அப்பகுதிப் பருவமழையின் துளியளவை ஆராய்ந்தது. மோதலை உணரும் கருவி என்பதால் இதன் திருத்தம் வேகத்தையும் சார்ந்தது. 1 மி.மீ. துளி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்திலும், 3 மி.மீ. துளி 8 மீட்டர் வேகத்திலும், 5 மி.மீ. துளி 9 மீட்டர் வேகத்திலும் விழுகின்றன. பெருந்துளி இந்த இறுதிவேகத்தை எட்ட 10 மீட்டருக்கு மேல் இறங்கவேண்டும். மேசைமேல் ஓரடி உயரத்திலிருந்து துளியை விட்டுச் சோதித்தால், கருவி அதைச் சிறு துளி என்றே சொல்லும், குறை சோதனையினுடையது.

துளி வளர்வதற்கு எல்லையுண்டு. 5, 6 மி.மீ.க்கு மேல் காற்று அதை உடைத்துவிடும். பனிக்கட்டிக்கு அந்த எல்லை இல்லை. 5 மி.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள கட்டியே ஆலங்கட்டி எனப்படுகிறது.

ஆலங்கட்டி

கன்னியாகுமரிச் சமவெளியில் ஆலங்கட்டி மிக அரிது. இடிமேகத்தின் உச்சியில் கட்டி உருவாகாததால் அல்ல. இறங்கும் வழியில் உருகிவிடுவதால். இந்த அகலாங்கில் உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. 1 செ.மீ. கட்டி விநாடிக்குச் சுமார் 13 மீட்டர் வேகத்தில் விழும், 5 கி.மீ. இறங்க 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் வெம்மையும் ஈரமும் மிகுந்த காற்றில் அது உருகுகிறது. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் உருகும் பாதை 3 கி.மீ.க்கும் குறைவு. தமிழகத்தில் கோடையின் ஆலங்கட்டிச் செய்திகள் நீலகிரி, கொடைக்கானல், ஓசூர்ப் பக்கங்களிலிருந்து வருவதற்கு உயரம் ஒரு காரணம். வட இந்தியாவில் நிலைமை கடுமையானது: 1888 ஏப்ரல் 30-இல் மொராதாபாத் பகுதியில் விழுந்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்ததை, ஆலங்கட்டி மழையால் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கிறது.

சாதாரண மழைமானி ஆலங்கட்டியின் நீரை அளக்கும். புனலில் கிடக்கும் கட்டிகளின்மேல் அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மொத்தத்திலிருந்து ஊற்றிய அளவைக் கழிக்கவேண்டும். கட்டியின் அளவை அது சொல்லாது. செய்திகளில் வரும் ‘நெல்லிக்காய் அளவு’ என்பது ஒப்பீடுதான் என்றாலும், அரைநெல்லியும் காட்டுநெல்லியும் ஒன்றல்ல. காலிப்பரால் அளக்கும்போதும் எதை அளப்பது என்ற கேள்வி நிற்கிறது. 2010 ஜூலை 23-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் விவியன் என்ற ஊரில் விழுந்த கட்டியின் அகன்ற விட்டம் 20.3 செ.மீ., நிறை 0.88 கிலோ. அதே நிறையை உருண்டையாக்கினால் விட்டம் 12 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14-இல் விழுந்த 1.02 கிலோ கட்டியை உருண்டையாகக் கொண்டால் விட்டம் ஏறத்தாழ 13 செ.மீ. நிறையில் பெரியது ஒன்று, அகலத்தில் பெரியது இன்னொன்று. எனவே அளவுத்திருத்தத்துக்கு முன்னால் விட்டத்தின் வரையறை எழுதப்படவேண்டும்.

ஆலங்கட்டி விழும்போது ஆள் வெளியே நிற்க முடியாது. விழுந்தபின் உருகத் தொடங்கிவிடும். இந்த இரண்டு இடர்களையும் கடக்க அமெரிக்காவின் கொலராடோவில் 1960 வாக்கில் ஹெயில்பேட் எனும் ஆலங்கட்டித் தட்டு உருவானது. தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த, அதைவிட நெருக்கமான நுரைப்பலகையை அலுமினியத் தகட்டுத்தாளால் மூடித் திறந்தவெளியில் வைப்பார்கள். கட்டி விழுந்த இடத்தில் குழி பதியும். மழை ஓய்ந்தபின் பலகையை எடுத்து, மைதடவிக் குழிகளை அளப்பார்கள். பிரான்சில் இத்தகைய தட்டுகள் நூற்றுக்கணக்கில் பரப்பப்பட்டு, தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுகின்றன.

குழியின் விட்டத்தைக் கட்டியின் விட்டமாக மாற்றும் அட்டவணையே இங்கு அளவுத்திருத்தம். அளவு தெரிந்த ஆலங்கட்டியை இறுதிவேகத்தில் போடுவது கடினம் என்பதால் எஃகுக் குண்டு அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அடிப்படை விதி ஆற்றல் சமநிலை: ஒரே விட்டமுள்ள எஃகுக் குண்டை எந்த உயரத்திலிருந்து விட்டால், அது தட்டை அடையும்போது ஆலங்கட்டியின் இயக்க ஆற்றலைப் பெறும்? கட்டியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.9 கிராம், காற்றுத்தடைக் கெழு 0.6, கடல்மட்டக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று கொண்டால், 2 செ.மீ. கட்டியின் நிறை 3.8 கிராம், வேகம் விநாடிக்கு 18 மீட்டர், ஆற்றல் 0.62 ஜூல். அதே விட்டமுள்ள எஃகுக் குண்டு 32.7 கிராம், 1.92 மீட்டர் உயரத்திலிருந்து விட்டாலே அந்த ஆற்றல் வந்துவிடும். 1 செ.மீ. குண்டுக்கு 0.96 மீட்டர், 3 செ.மீ. குண்டுக்கு 2.88 மீட்டர். விட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடும்போதெல்லாம் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுகிறது. ஓர் ஏணியும் செங்குத்துக் குழாயும் சில குண்டுகளும் இருந்தால் பள்ளிக்கூட ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு அளவுக் குண்டையும் பலமுறை போட்டு, குழிகளின் சராசரி விட்டத்தைக் குறித்து, புள்ளிகளின் வழியே கோடு வரைந்தால் அட்டவணை தயார்.

அட்டவணை பொருந்தும் எல்லைகளையும் சேர்த்தே அறியவேண்டும். நுரைப்பலகை தொகுதிக்குத் தொகுதி மாறும். வெயிலின் புறஊதாக் கதிரில் நொறுங்கும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பலகையைச் சோதனைக்கு ஒதுக்குவது வழக்கம். எஃகு உடையாது, ஆலங்கட்டி உடையும். ஆற்றல் சமமானாலும் எஃகுக் குண்டின் உந்தம் கட்டியின் உந்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். அதனால் சில ஆய்வகங்கள் அச்சில் உறையவைத்த பனி உருண்டைகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் செலுத்தி, எஃகின் அட்டவணையை மறுசோதனை செய்கின்றன. காற்றில் சாய்ந்து விழுந்த கட்டி நீள்வட்டக் குழியைப் பதிக்கும். அதன் குறுகிய அச்சை அளப்பது நீள அச்சை அளப்பதைவிடப் பாதுகாப்பானது. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த குழிகளைப் பிரிப்பதில் அளப்பவருக்கு அளப்பவர் வேறுபாடு வரும் என்பதால், ஒரே பலகையை இருவர் தனித்தனியே படிப்பார்கள்.

உயரமும் அட்டவணையை மாற்றும். உதகையின் காற்று கடற்கரைக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு இலேசானது. அங்கே அதே கட்டி 12 சதவீதம் வேகமாக விழும். ஆற்றல் 25 சதவீதம் கூடும். இயக்க ஆற்றல் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்து மாறுவதால், நாகர்கோவிலில் தயாரித்த அட்டவணையை உதகையில் பயன்படுத்தினால் விட்டம் சுமார் 6 சதவீதம் மிகையாகத் தெரியும். அதே நான்காம் படி விதி இன்னொரு பக்கம் உதவுகிறது: ஆற்றலில் பெரும் பிழை இருந்தாலும் விட்டத்தில் அது சிறிதாகவே வெளிப்படும். விட்டத்திலிருந்து பயிர்ச்சேதத்தைக் கணக்கிடப் போனால், அதே விதி அந்த 6 சதவீதப் பிழையை மீண்டும் ஏறத்தாழ 25 சதவீதமாக்கிவிடும்.

பதிவேடு

மழைமானிக்கும் டிஸ்ட்ரோமீட்டருக்கும் ஆலங்கட்டித் தட்டுக்கும் பொதுவான கடைசி வேலை பதிவேடு எழுதுவது. சோதித்த தேதி, பயன்படுத்திய ஒப்பீட்டுப் பொருள், கருவி காட்டிய எண், வித்தியாசம், செய்த மாற்றம் ஆகிய ஐந்தும் அதில் இருக்கவேண்டும். திருகாணியைத் திருப்புவதற்கு முன்னால் கருவி காட்டிய எண்ணை எழுதுவது குறிப்பாக முக்கியம்; அதை எழுதாமல் சரிசெய்துவிட்டால், முந்தைய சோதனையிலிருந்து அன்றுவரை சேர்ந்த அளவுகளைத் திருத்தும் வழி அடைபட்டுவிடும். திருத்தப்பட்ட எண்ணை மூல எண்ணின்மேல் எழுதக் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். குவளை மாறிய நாள், மழைமானி இடம் மாறிய நாள், அருகில் கட்டடம் எழுந்த ஆண்டு ஆகியவையும் அளவின் பகுதியே. பேச்சிப்பாறையின் ஐம்பது ஆண்டு மழையை ஒருவர் ஆராயும்போது, மழை குறைந்ததா கருவி குறைத்துச் சொன்னதா என்ற கேள்விக்கு விடை தருவது எண்களின் வரிசையோடு சேர்த்து வைக்கப்பட்ட இந்தக் குறிப்புகளே.